முழங்காலும் அளவு நாடாவும்



அளவெடுத்தல் என்பது மிக எளிய வேலை என்று நாம் எண்ணிவிடுகிறோம். நாடாவை வைக்க வேண்டும், எண்ணைப் பார்க்க வேண்டும், எழுதிக்கொள்ள வேண்டும், இதில் கற்றுக்கொள்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. பள்ளியில் நான் பணியாற்றிய காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவர் பத்துப் பேரிடம் ஒரே நாடாவைக் கொடுத்து, வகுப்பிலுள்ள மேசையின் நீளத்தை ஒருவர் பின் ஒருவராக அளக்கச் சொல்வது வழக்கம். பத்து விடைகளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அடுத்தபடியாக, அவர்களுள் ஒருவனை நிற்கவைத்து, அவனுடைய கெண்டைக்காலின் சுற்றளவை மற்றவர்கள் அளக்கச் சொல்வேன். இப்பொழுது விடைகள் சிதறிவிடும். ஒருவனுக்கு 29 சென்டிமீட்டர் வரும். மற்றொருவனுக்கு 31 வரும். "யார் அளந்தது சரி, ஐயா?" என்று கேட்பார்கள். எல்லாரும் நாடாவிலுள்ள எண்ணைச் சரியாகத்தான் படித்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொருவரும் காலின் வெவ்வேறு இடத்தை, வெவ்வேறு இறுக்கத்தில் அளந்திருப்பார்கள்.

மேசை அசையாமல் நமக்காகக் காத்திருக்கும். உடல் அவ்வாறு காத்திராது. அது தசையை இறுக்குகிறது, தளர்த்துகிறது. காலையில் ஓர் அளவும் மாலையில் ஓர் அளவுமாக இருக்கிறது. இந்த வேறுபாட்டை விளக்குவதற்கு இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், நம் வீடுகளில் பலரும் அறிந்த ஒன்று. முழங்கால் வலிக்கு அணியும் பட்டை. கடைகளில் இதனை 'நீ கேப்' என்றும் 'நீ பிரேஸ்' என்றும் கேட்டு வாங்குகிறோம். இதனை அணிபவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள தாத்தாவோ பாட்டியோ ஆவர். "கொஞ்சம் அளந்து சொல்" என்று அவர்கள் அழைப்பது பெரும்பாலும் உங்களையே. ஆகவேதான் இதனை உங்களிடம் பேசுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாள்தோறும் மாலையில் கோயிற் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, படிக்கட்டில் நண்பர்களோடு சிறிது நேரம் பேசிவிட்டுத் திரும்புவது அவர் வழக்கம். அவருடைய வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம் ஏற்பட்டது. மருத்துவர் பார்த்துவிட்டு, நடக்கும்போது பட்டை அணியுமாறு கூறினார். மகன் கடைக்குச் சென்று, "அப்பாவுக்கு நடுத்தர உடல்வாகு" என்று சொல்லி, 'மீடியம்' அளவில் ஒன்று வாங்கி வந்தார். இரண்டாவது விளக்குக் கம்பத்தை அடைவதற்குள் அது கெண்டைக்காலுக்கு இறங்கிவிட்டது. மேலே இழுத்துவிட்டார், மீண்டும் இறங்கியது. அடுத்த வாரம் 'ஸ்மால்' வந்தது. அது இறங்கவில்லை, ஆனால் கால்மணி நேரத்திற்குள் பாதம் மரத்துப்போயிற்று. இரண்டு பட்டைகளும் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. பெரியவர் குளக்கரைக்குச் செல்வதை நிறுத்திவிட்டார். அவர் இழந்தது பட்டைகளின் விலையை மட்டுமன்று. தம் மாலைப் பொழுதையும் நண்பர்களையும் சேர்த்தே இழந்தார். பெரிய அளவு நழுவிற்று. அதற்கு அடுத்த சிறிய அளவு நெரித்தது. அப்படியானால் அவருக்குரிய அளவுதான் எது? இப்புதிரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடையைப் பின்னர்க் காண்போம்.

முதலில் முழங்காலின் அமைப்பை அறிதல் வேண்டும். நம் உடலிலேயே மிக நீளமானது தொடை எலும்பு. அதன் கீழ்முனையும், கீழ்க்காலிலுள்ள பெரிய எலும்பின் மேல்முனையும் கூடுமிடமே முழங்கால். அதன் முன்புறத்தில் முழங்காற் சில்லு என்னும் சிறிய எலும்பு கேடயம்போல் அமைந்திருக்கிறது. எலும்புகளின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அவற்றிற்கிடையே பிறைநிலா வடிவான இரண்டு குருத்தெலும்புத் தட்டுகள் மெத்தைபோல் கிடக்கின்றன. முக்கியமான நான்கு இணைப்பு நார்கள் எலும்புகளைப் பிணைத்து நிறுத்துகின்றன.

முழங்காலைக் கதவின் கீலுக்கு ஒப்பிடுவார்கள். இவ்வுவமை ஓரளவுக்கே பொருந்தும். கதவு ஒரே அச்சில் சுழல்கிறது. முழங்கால் மடங்கும்போதோ, எலும்புமுனைகள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு சறுக்கவும் செய்கின்றன. சிறிது திருகவும் செய்கின்றன. ஆகவே சுழலும் அச்சு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. மேலும், கால் மேலே பருத்துக் கீழே சிறுத்த கூம்பு போன்றது. கூம்பில் மாட்டிய வளையம் சிறுத்த பக்கத்தை நோக்கி நழுவுவது இயல்பு. இவ்விரு காரணங்களாலும் முழங்காற் பட்டை நடக்க நடக்கக் கீழே இறங்கவே முயல்கிறது. அதனைத் தடுத்து நிறுத்துவதில் தொடையைச் சுற்றியுள்ள மேற்பகுதியின் பிடிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. முழங்காலுக்குப் பட்டை வாங்கச் செல்பவரும் தொடையை அளக்க வேண்டியிருப்பது இதனாலேயே.

அப்படியானால் இறுக்கமாகவே வாங்கிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அதுவும் ஆகாது. முழங்காலின் பின்புறக் குழிவில், கீழ்க்காலுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் தமனியும், அதனை மீட்டுக் கொண்டுவரும் சிரையும், நரம்புகளும் செல்கின்றன. வெளிப்பக்கத்தில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கீழ்க்காலின் மெல்லிய எலும்பைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகிலேயே போகிறது. அவ்விடத்தில் பட்டை அழுத்தினால் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகும். அழுத்தம் நீடித்தால் பாதத்தை மேலே தூக்கும் வலிமையே குறையக்கூடும். தளர்ந்த பட்டையால் பயனில்லை. இறுகிய பட்டையால் தீங்கு உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள வழி குறுகலானது. நாடா நமக்குக் காட்ட வேண்டியது அவ்வழியையே.

முழங்காற் கருவிகள் பலவகை. 1984ஆம் ஆண்டில் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் பேரவை அவற்றை மூவகையாகப் பிரித்தது. விளையாட்டில் காயம் நேராமல் காப்பவை ஒருவகை. காயத்திற்கும் அறுவைச் சிகிச்சைக்கும் பின்னர் அசைவைக் கட்டுப்படுத்துபவை மற்றொரு வகை. இணைப்பு நார் பழுதுற்று நிலைதடுமாறும் மூட்டுக்கு உறுதி தருபவை மூன்றாம் வகை. உலோகச் சட்டமும் கீலும் உடைய கருவிகளுக்கு அத்துறை வல்லுநரே அளவெடுத்தல் முறை. ஒருவருக்கென்றே தனியாகச் செய்யும்போது, காலில் சாந்துக்கட்டுப் போட்டு அச்செடுப்பதும் உண்டு. சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் இத்தகைய பணிகள் நடைபெறுகின்றன. நாம் வீட்டில் அளவெடுப்பது, ஆயத்தமாக விற்கும் மீள்துணி உறைக்கும், வார்களால் இழுத்துக் கட்டும் பட்டைக்கும் மட்டுமே.

நாடாவைத் தேடுவதற்கு முன் மருத்துவரைத் தேட வேண்டும். முழங்கால் வலி ஒரே நோயின் அறிகுறியன்று. கீழே விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை, திடீர் வீக்கம், காய்ச்சலோடு கூடிய மூட்டுச் சிவப்பு, கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் ஆகிய இவற்றுள் ஒன்று இருந்தாலும் பட்டையைப் பற்றிப் பேசுவதற்கே அது நேரமன்று. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும், புண் உள்ளவர்களும் மருத்துவர் சொல்லாமல் எந்தப் பட்டையையும் அணிதல் கூடாது. இறுக்கம் மிகுந்தால் உடல் எச்சரிக்கும். உணர்ச்சி குறைந்தவர்க்கு அவ்வெச்சரிக்கை கேட்பதில்லை. தேய்மானத்தைப் பட்டை குணமாக்கிவிடும் என்றும் கருதலாகாது. அது வலியைச் சிறிது குறைக்கலாம். நடப்பதற்குத் துணிவு தரலாம். அவ்வளவே.

இனி, அளவு நாடாவைப் பார்ப்போம். பூ விற்கும் அம்மையார் தம் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அளந்து ஒரு முழம் என்று தருகிறார். கை நீண்டவரிடம் வாங்கினால் நமக்கு ஆதாயம். இல்லையேல் அவருக்கு ஆதாயம். பூவுக்கு இது போதும். பிறவற்றிற்குப் போதாது என்பதனாலேயே 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக நம் நாடு மீட்டர் முறையை ஏற்றுக்கொண்டது. 1959ஆம் ஆண்டில் ஆங்கிலம் வழங்கும் நாடுகள் சில கூடி, ஓர் அங்குலம் என்பது 2.54 சென்டிமீட்டரே என்று உறுதிசெய்தன. இவ்வாறு நாடாவிலுள்ள கோடுகள் உலகெங்கும் நிலைபெற்றுவிட்டன. ஆனால் அளக்கப்படும் உடல் நிலைபெற்றதன்று. ஆகவே பொறுப்பு முழுவதும் அளப்பவரின் கையில் வந்து சேருகிறது.

தையற்காரரிடம் உள்ளதைப் போன்ற மெல்லிய நாடாவே ஏற்றது. பழைய துணி நாடா இழுபட்டு நீண்டிருக்கக்கூடும். ஆகவே முதலில் அதனை ஓர் எஃகு அளவுகோலின்மேல் வைத்து ஒத்துப்பாருங்கள். நாடாவின் ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்டிமீட்டரும் இருக்கும்; கடைப் பட்டியல் எந்த அலகில் உள்ளதோ அதிலேயே படியுங்கள். எஃகு அளவுகோல் ஒன்றும், குறியிடுவதற்கு ஒட்டுப்பொட்டுகளும், தாளும் பென்சிலும் இருந்தால் போதும்.

பட்டியல்கள் எல்லாம் ஒரே இடத்தின் அளவைக் கேட்பதில்லை. சில, முழங்காற் சில்லின் நடுப்புள்ளியில் சுற்றளவை மட்டும் கேட்கும். பல, அந்நடுப்புள்ளிக்கு 15 சென்டிமீட்டர் மேலே தொடையையும், 15 சென்டிமீட்டர் கீழே கெண்டைக்காலையும் கேட்கும். சிலவற்றில் இத்தொலைவு 10 சென்டிமீட்டராக இருக்கும். நிற்கும் நிலையில் அளக்கச் சொல்வனவும் உண்டு. முழங்காலைச் சற்றே மடக்கி அளக்கச் சொல்வனவும் உண்டு. எனவே பட்டியலை முதலில் படித்துவிட்டுப் பின்னரே காலைத் தொட வேண்டும். ஒரு நிறுவனத்தின் பட்டியலுக்காக எடுத்த அளவை மற்றொரு நிறுவனத்தின் பட்டியலில் பொருத்திப் பார்த்தல் தவறு.

நின்று அளக்கும் முறையைச் சொல்கிறேன். அளக்கப்படுபவர் வெறுங்காலோடு, இரு பாதங்களிலும் எடையைச் சமமாக ஊன்றி, நாற்காலியின் முதுகையோ சுவரையோ பிடித்துக்கொண்டு நிற்கட்டும். தொடையை இறுக்கலாகாது. தசை தளர்ந்திருக்கும்போது முழங்காற் சில்லு விரலால் தள்ளினால் அசையும், இறுகியிருக்கும்போது அசையாது. தளர்ந்திருக்கிறதா என்பதற்கு இதுவே நல்ல சோதனை. சில்லின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் தடவிப் பார்த்து, நடுவில் ஒரு பொட்டை ஒட்டுங்கள். அங்கிருந்து அளவுகோலை நேராக வைத்து, மேலே 15 சென்டிமீட்டரில் ஒன்றும், கீழே 15 சென்டிமீட்டரில் ஒன்றுமாகப் பொட்டு வையுங்கள். பிறகு ஒவ்வொரு பொட்டின்மேலும் நாடாவைச் சுற்றுங்கள். நாடா தரைக்கு இணையாக இருக்க வேண்டும். பின்புறம் சரிந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நாடா தோலைத் தொட வேண்டும், அமுக்கலாகாது. எடுத்தபின் தோலில் தடம் தெரிந்தால் இறுக்கம் மிகுதி. நாடாவுக்கும் தோலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் தளர்ச்சி மிகுதி.

ஒவ்வோரிடத்தையும் மும்முறை அளந்து, மூன்றனுள் நடுவில் நிற்கும் எண்ணைக் கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். மும்முறை அளத்தல் கைத்தவற்றைத்தான் நீக்கும், முறைத்தவற்றை நீக்காது. கணக்குப் பயிலும் நீங்கள் இதனை எளிதில் உணர்வீர்கள். வேட்டி அல்லது சேலை மடிப்பின்மேல் நாடாவைச் சுற்றுகிறோம் என்று கொள்வோம். மடிப்பின் தடிமன் 3 மில்லிமீட்டர்தான். ஆனால் ஆரம் 3 மில்லிமீட்டர் கூடினால் சுற்றளவு அதைப்போல் இரண்டு பை மடங்கு, அதாவது ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் கூடிவிடும். மெலிந்த காலாயினும் பருத்த காலாயினும் கூடுவது இதே அளவுதான். இனி, 40 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள இடத்தில் நாடா 20 பாகை சாய்ந்திருந்தால், வட்டம் நீள்வட்டமாகி 41 சென்டிமீட்டருக்கு மேல் காட்டும். மூன்றாவதாக, ஒருவருக்கு முழங்காலில் 38, அதற்கு 15 சென்டிமீட்டர் மேலே 47 எனச் சுற்றளவு சீராக ஏறுகிறது என்று கொண்டால், பொட்டு 2 சென்டிமீட்டர் தள்ளிப்போனாலே சுற்றளவு 1.2 சென்டிமீட்டர் மாறிவிடும். துணியும் சாய்வும் எப்போதும் அளவைக் கூட்டவே செய்யும். ஒரு கூட்டலை நூறு முறை திரும்பச் செய்தாலும் அது கழித்தலாகாது அல்லவா?

சட்டைக்கு அளவெடுக்கும் தையற்காரர் சிறிது தளர்ச்சி சேர்த்துக்கொள்வார். அப்பழக்கத்தை இங்கே கொண்டுவரலாகாது. பட்டைக்கு வேண்டிய இழுவிசையைச் செய்தவர்களே கணக்கிட்டுப் பட்டியல் தந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பது காலின் உண்மையான அளவை மட்டுமே. "கொஞ்சம் கூட்டிச் சொல்வோம்" என்பதும், "இறுக்கமாக இருக்கட்டும், குறைத்துச் சொல்வோம்" என்பதும் அவர்கள் கணக்கைக் குலைப்பனவாம்.

நேரத்தையும் கருத வேண்டும். நாள் முழுதும் நின்றும் அமர்ந்தும் இருந்தால் மாலையில் கால் சற்று வீங்கும். ஆகவே பட்டையை எந்நேரத்தில் அணியப் போகிறாரோ அந்நேரத்திலேயே அளத்தல் நன்று. ஒரு காலை அளந்துவிட்டு மற்றதும் அதுவே என்று எழுதாமல், இரண்டையும் அளக்க வேண்டும். தாளில் எண்ணை மட்டும் எழுதினால் போதாது. வலமா இடமா, நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தொலைவு, நின்ற நிலையா மடக்கிய நிலையா, எந்த நேரம், எந்த அலகு ஆகிய இவ்வனைத்தையும் எழுதினால்தான் அது அளவு ஆகும். இவையின்றி "39" என்று மட்டும் எழுதிய தாள், ஊர்ப்பெயர் இல்லாத முகவரி போன்றது.

இப்பொழுது நம் பெரியவரிடம் திரும்புவோம். அவருடைய பேத்தி மேல்நிலைப் பள்ளி மாணவி. நான் சொன்ன முறைப்படி ஒருநாள் மாலை அவளே அளவெடுத்தாள். நாடா காலைத் தொட்டதும் பெரியவர், படையில் ஆளெடுக்கும் இடத்தில் நிற்பவரைப்போல் தொடையை இறுக்கிக்கொண்டார். "தாத்தா, காலைத் தளர்வாக விடுங்கள், நீங்கள் இறுக்கினால் நாடா பொய் சொல்லும்" என்றாள். "விட்டுவிட்டேன் அம்மா, நீ அள" என்றார் அவர். கிடைத்த அளவுகள் இவை: வலது முழங்கால் 39, அதன் தொடை 43, இடது முழங்கால் 37.5, அதன் தொடை 45. அவர்கள் வாங்கிய பட்டையின் பட்டியலில் 'ஸ்மால்' என்பது முழங்கால் 34 முதல் 37, தொடை 40 முதல் 45. 'மீடியம்' என்பது முழங்கால் 37 முதல் 40, தொடை 45 முதல் 50.

புதிர் விடுபட்டது. அவருடைய வலது முழங்கால் 'மீடியம்'. அதே காலின் தொடை 'ஸ்மால்'. ஒன்று தொடையில் பிடிப்பின்றி நழுவிற்று. மற்றது முழங்காலை நெரித்தது. இரண்டு பட்டைகளிலும் குற்றமில்லை. மூட்டு வீங்கியிருந்தது, வலிக்கு அஞ்சி அக்காலை அவர் குறைவாகவே பயன்படுத்தியதால் தொடைத் தசை மெலிந்திருந்தது. மருத்துவர்களும் முழங்காற் சில்லுக்கு மேல் குறித்த தொலைவில் இரு தொடைகளையும் அளந்து, தசை மெலிவைக் கண்டறிவதுண்டு. பேத்தி அத்தாளை மருத்துவரிடம் காட்டினாள். மேலும் கீழும் தனித்தனி வார்களால் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த பட்டையை அவர் பரிந்துரைத்தார். அதனினும் மேலாக, நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டிச் சில நொடிகள் நிறுத்தும் பயிற்சியை நாள்தோறும் செய்யச் சொன்னார். தொடைத் தசை வலிமை பெற்றால், அதுவே முழங்காலுக்கு இயற்கையான பட்டை. பெரியவர் இப்பொழுது குளக்கரைப் படிக்கட்டு வரை வருகிறார். முழுச் சுற்று இன்னும் கைகூடவில்லை. பாதிச் சுற்றுக் கைகூடியிருக்கிறது.

பட்டை வந்தபின் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அணிந்துகொண்டு வீட்டுக்குள்ளேயே கால்மணி நேரம் நடக்கட்டும், அமர்ந்து எழட்டும். வாரின் கீழ் இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். கால்விரல் நகத்தை அழுத்தி விட்டால், வெளுத்த நிறம் இரண்டு நொடியளவில் சிவப்புக்குத் திரும்ப வேண்டும். மரத்தல், ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, விரல்கள் குளிர்தல் ஆகியவை தோன்றினால் உடனே கழற்றிவிட வேண்டும். கழற்றியபின் தோலில் இலேசான தடம் இருப்பது இயல்பு; அரைமணி நேரமாகியும் சிவப்பு மறையாவிட்டால் பொருத்தம் சரியில்லை என்பது பொருள்.

நண்பர்களே! இன்று முழங்காலைப் பற்றிப் பேசினோம். நாளை உங்கள் வீட்டில் காலணிக்கு அளவு கேட்பார்கள். இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்வார்கள். குழந்தையின் உயரத்தைக் குறிக்கச் சொல்வார்கள். அங்கெல்லாம் எண்ணைச் சொல்லுமுன், எந்த இடத்தில், எந்த நிலையில், எந்த நேரத்தில், எந்த அலகில் என்னும் நான்கு வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முதியவர் ஒருவர் தம் வலியுள்ள காலை உங்கள்முன் நீட்டி நிற்கும்போது, நீங்கள் எழுதப்போகும் எண்ணை நம்பியே நிற்கிறார். அந்நம்பிக்கைக்கு உரிய பொறுமையோடு நாடாவைச் சுற்றுங்கள்.